கயாக் வாங்க முதல் காற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கொம்பனி திறம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தத் தண்ணீரில் விடப்போகிறீர்கள்? கவிழ்ந்தால் ஆளுதவி இல்லாமல் திரும்ப ஏறுவீர்களா? வீட்டிலிருந்து கரைக்கு யார் தூக்குவது? இவற்றுக்கு நேர்மையான பதில் இருந்தால் நீளம், அகலம், பாரம் எல்லாம் தாமாகவே முடிவாகிவிடும். கொம்பனிப் பெயர் கடைசியில் வரட்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். குடாநாட்டுக்கு இரண்டு விதமான கடல். ஒன்று கடலேரி: பண்ணை, குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, அராலி, வேலணையின் உட்பக்கம். பெரும்பாலான இடங்களில் ஆழம் இரண்டு மீற்றருக்குள்தான். பல இடங்களில் இடுப்பளவு. அடியில் சுரி என்ற சேறு, சாதாளை என்ற கடற்பூண்டு, இடையிடையே முருகைக்கல். மற்றது காரைநகரிலிருந்து பருத்தித்துறை வரை பாக்கு நீரிணையைப் பார்த்தபடி கிடக்கும் திறந்த வடகரை. இரண்டுக்கும் ஒரே கயாக்கைக் கொண்டுபோகலாம். ஆனால் ஒரே மாதத்தில், ஒரே துணிவோடு போகக்கூடாது.

காரணம் சோழகம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றுக்கு வடகரை மறைவான பக்கம். நிலமும் பனையும் சவுக்கும் காற்றைத் தடுப்பதால் கசூரினாவிலோ வல்வெட்டித்துறையிலோ கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலத் தெரியும். முதன்முதலாகக் கயாக் இறக்குபவருக்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்றே தோன்றும். நிலத்தின் மறைவு சில நூறு மீற்றருக்குத்தான். அதைத் தாண்டியதும் காற்று முதுகைப் பிடித்து வடக்கே தள்ளும். போகும்போது துடுப்பு இலேசாக ஓடும். திரும்பினால்தான் உண்மை தெரியும். அந்தப் பக்கம் இருப்பது பாக்கு நீரிணையும் இந்தியக் கடல் எல்லையும். பழக்கமில்லாதவர் அமைதியான நீரில் மணிக்கு 4, 5 கிலோமீற்றர் போவார். 10 நொட் காற்று, அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர் அளவு, முகத்துக்கு நேரே அடித்தால் அந்த வேகத்தில் பாதியும் நிற்காது. கை ஓய்ந்தால் பின்னுக்குத்தான் போவார்.

அதே சோழகம் குருநகர், பாசையூர்க் கரைகளில் கடலேரியிலிருந்து ஊரை நோக்கி அடிக்கிறது. ஆழமில்லாத நீரில் குட்டையான, நெருக்கமான அலை எழும்பி உடம்பை நனைக்கும். ஆனாலும் துடுப்பைக் கை விட்டாலும் கயாக் கரைக்குத்தான் வந்து சேரும். பழகுபவருக்கு வேண்டியது இதுதான்: அலையைவிடக் காற்றின் திசை முக்கியம். கையில் காய்ந்த மணலை எடுத்து விட்டுப் பாருங்கள். அது கடலை நோக்கிப் பறந்தால் அன்று இறங்க வேண்டாம். நவம்பரில் வாடை தொடங்கினால் வடகரையில் அலை நேரே கரையில் உடைக்கும்; அங்கே பெப்ரவரி வரை பழகுபவருக்கு இடமில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. ஒக்ரோபரும் காற்றுக் குறைந்த மாதம்தான், ஆனால் பின்னேர இடி மின்னலைக் கவனிக்க வேண்டும். எந்த மாதமானாலும் காலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது மணி வரைதான் கணக்கு. பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறும், வெயிலும் ஏறும். அலையின் நுனியில் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியத் தொடங்கினால் அது திரும்புகிற நேரம்.

இனி கயாக்கின் வகை. உள்ளே கால் நீட்டி இருக்கும் வகை ஒன்று. மேலே ஏறி இருக்கும் வகை ஒன்று. இங்கே முதல் கயாக் மேலே இருக்கும் வகையாகவே இருக்கட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கயாக்கின் பூர்வீகம் வடதுருவப் பக்கத்து இனுவிட் மக்களின் கடல்நாய்த் தோல் படகு. அங்கே தண்ணீர் உடம்பில் பட்டாலே உயிருக்கு ஆபத்து, ஆகவே மூடியிருந்தது. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. எங்கள் கட்டுமரமே மேலே இருக்கும் வகைதான்: நீர் ஏறும், இடுக்குகளால் வடியும், நிரம்பி அமிழாது. மேலே இருக்கும் கயாக்கும் அதே தத்துவம். உள்ளே காற்று அடைபட்ட மூடிய உடல். இருக்கையிலும் கால்வைக்கும் இடத்திலும் மேலிருந்து அடிவரை போகும் துளைகள். ஏறும் நீர் அவற்றால் வடியும்.

உள்ளே இருக்கும் வகை கவிழ்ந்தால் நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் நிரம்பும். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் இல்லாத மலிவான கயாக்கென்றால் ஆழத்தில் நின்று அதைத் தனியொருவர் இறைத்து முடிக்க ஏலாது. தடுப்புச் சுவர் உள்ளதாக இருந்தாலும் கை இறைப்பி வேண்டும், இருக்கும் வாயை இடுப்போடு சேர்த்து மூடும் மேல்மூடித் துணியிலிருந்து நீருக்கடியில் வெளியேறப் பழகியிருக்க வேண்டும். அவையெல்லாம் கற்றுத் தருபவரோடு பழகவேண்டிய வேலை. அதோடு கடலேரியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி இழுக்க வேண்டி வரும். வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், ஆழமே அரை மீற்றராக இருக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் பெரியது. வெயில் காலத்தில் நீர் வற்றும்போது போன வழியால் திரும்ப முடியாத நாட்களும் உண்டு. ஏறி இறங்க இலகுவான கயாக் இல்லாவிட்டால் சலித்துப்போகும்.

அளவுக்கு வருவோம். ஒருவருக்கான முதல் கயாக் 3 முதல் 3.5 மீற்றர் நீளம், 72 முதல் 80 சென்ரிமீற்றர் அகலம். இதைவிடக் குட்டையானது ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் அணியம், அதாவது முன்முனை, இடமும் வலமும் ஆட நேராகப் போகாது. நாலரை மீற்றர், அறுபது சென்ரிமீற்றர் அகலமுள்ள பயணக் கயாக் நேராகவும் வேகமாகவும் ஓடும். ஆனால் முதல் ஆறு மாதம் உங்கள் கவனம் முழுக்கச் சமநிலையிலேயே போய்விடும். 85 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமானவை மேசைபோல ஆடாமல் நிற்கும், அதுவே கடைக்காரர் சொல்லும் பெருமை. அவற்றில் துடுப்பு பக்கவாட்டில் இடிக்கும், எதிர்க்காற்றில் தோள் நோகும்.

"ஆடாது" என்ற சொல்லைக் கவனமாகக் கேளுங்கள். அடி தட்டையான கயாக் அசையாத நீரில் ஆடாது. பக்கத்திலிருந்து அலை வந்தால் அது அலையின் சரிவோடு சேர்ந்து சரியும், ஒரு எல்லைக்குப் பிறகு திடீரென்று கவிழ்க்கும். அடியில் கொஞ்சம் வளைவோ, ஏரா என்ற நடுமுதுகோ உள்ளது ஏறியவுடன் நடுங்குவதுபோல இருக்கும். ஆனால் சரிந்த பிறகு ஓர் இடத்தில் பிடித்து நிற்கும். கடலேரியின் குட்டை அலைக்கு இரண்டுக்கும் நடுவிலானது, அதாவது நடுவில் மெல்லிய ஏராவும் இருபக்கமும் கொஞ்சம் தட்டையும் உள்ள அடி, பொருத்தமானது. சுக்கான் தேவையில்லை. சாதாளை அதில் சுற்றும், முருகைக்கல்லில் முட்டி உடையும், கம்பி துருப்பிடிக்கும். கடையார்ப் பக்கம், அதாவது பின்முனையில், அசையாத சிறு செதிலோடு வார்க்கப்பட்ட அடி போதும்.

பாரக் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கயாக்கில் அச்சிட்ட "ஆகக் கூடிய பாரம்" என்பது மிதக்கும் எல்லை. சுகமாக ஓடும் எல்லை அல்ல. அதில் எழுபது சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிலோ ஆள், மூன்று லீற்றர் தண்ணீர், அங்கியும் சாமானுமாக ஏழு கிலோ என்றால் 85 கிலோ. அதற்கு 122 கிலோவாவது எழுதியிருக்க வேண்டும். குறைந்தால் என்ன நடக்கும்? வடியவேண்டிய துளைகளால் நீர் மேலே ஏறி முழு நேரமும் தண்ணீரில் இருக்க வேண்டி வரும், கயாக் தாழ்ந்து மந்தமாகும், சிறு அலையும் மேலே ஏறும். துளைகளுக்கு அடைப்பான் தருவார்கள். அமைதியான நீரில் போடலாம். அலையில் போட்டால் மேலே ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தொட்டிபோல நிற்கும். அலை எழும்பினால் முதல் வேலை அடைப்பானைக் கழற்றுவது.

அடைப்பான் வேறு, உடலின் வடிகால் மூடி வேறு. கடையார்ப் பக்கம் அல்லது அணியத்தில் திருகும் சிறிய மூடி இருக்கும். அதைப் போடாமல் இறக்கிவிடுவது கயாக்கில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. உள்ளே இருபது லீற்றர் சேர்ந்தாலே அது பக்கத்துக்குப் பக்கம் ஓடி, நீங்கள் சரியும் பக்கமே முழுவதும் வந்து குவியும். எந்தக் காரணமும் தெரியாமல் கவிழும். மூடியை ஒரு சிறு கயிற்றால் கைபிடியோடு கட்டிவைத்தால் தொலையாது. தூண்டில் தாங்கி பூட்டவென்று துளையிட்ட கயாக்குகளில் ரிவெற் ஓட்டைகளாலும் நீர் இறங்கும். வட்டத் திருகுமூடி உள்ள சாமான் அறையை நம்பிக் கைத்தொலைபேசியை வைக்காதீர்கள். அதற்கு நீர் புகாத பை தனியே வேண்டும்.

எந்தப் பொருளால் செய்தது என்பதில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கடைகளில் வருவது பெரும்பாலும் அச்சைச் சுழற்றி வார்த்த பொலித்தீன் கயாக். மூன்று மீற்றர் அளவில் 20 முதல் 25 கிலோ. முருகைக்கல்லில் உரசினால் கீறும், உடையாது. ஆனால் வெடித்தால் எங்கள் வள்ளம் திருத்துவோருக்குக் கைவந்த ரெசினும் இழைப்பாயும் அதில் ஒட்டாது. ஒட்டினதுபோல நிற்கும், இரண்டாம் நாள் தகடாகக் கழன்று வரும். பொலித்தீனை அதே வகைப் பொலித்தீன் குச்சியை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும்.

கண்ணாடியிழைக் கயாக் நேர்மாறு. கல்லில் அடித்தால் வெடிக்கும், ஆனால் பைபர் வள்ளம் திருத்தும் எந்தப் பட்டறையிலும் ஒருநாளில் சரிசெய்து தருவார்கள். உள்ளூரிலேயே அச்செடுத்துச் செய்து தரும் கைத்திறனும் இங்கே உண்டு. அப்படிச் செய்விப்பதானால் இரண்டைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ரெசின் ஊறாமல் வெள்ளையாகத் தெரியும் இழை இருக்கக்கூடாது. முன்னும் பின்னும் அடைத்த மிதவை அறை, உள்ளே நுரையோடு, கட்டாயம் இருக்க வேண்டும். பொலித்தீன் தண்ணீரைவிட இலேசு, நிரம்பினாலும் மிதந்து கிடக்கும். கண்ணாடியிழை தண்ணீரைவிடப் பாரம். மிதவை இல்லாமல் நிரம்பினால் அடிக்குப் போகும்.

பழையது வாங்குவது நல்ல யோசனை. சுற்றுலா விடுதிகள் கழித்துவிடும் கயாக்குகள் வெளிமாவட்டங்களிலிருந்து லொறியில் வருவதுண்டு. பகலில், வெயிலில் போய்ப் பாருங்கள். முதலில் கவிழ்த்துப் போட்டு, கடையாரில் குந்தி, ஒரு கண்ணை மூடி ஏரா நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். முறுகியிருந்தால் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். விரலால் அழுத்தித் தேயுங்கள். சுண்ணாம்புபோலப் பொடி ஒட்டினால் வெயில் தின்ற பொலித்தீன், விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கள். குழிந்திருந்தால் பயமில்லை, வெயிலில் வைத்தோ சுடுநீர் ஊற்றியோ எடுக்கலாம். அதிகம் வெடிப்பது இருக்கைக்கு அடியில் இருக்கும் வடிதுளைக் குழாயின் விளிம்பு. காரணம், துளைக்குள் முட்டுக் கொடுக்கும் தள்ளுவண்டியில் ஏற்றித் திரிவதும், மணலில் இழுத்து அடி தேய்வதும். கண்ணுக்கு அகப்படாத வெடிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வடிகால் மூடியால் இரண்டு வாளி தண்ணீரை உள்ளே ஊற்றி, மூடி, அணியம், கடையார், இரு பக்கம் என்று சரித்துச் சரித்து வைத்து வெளியே கசிகிறதா பாருங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

காற்றடித்த கயாக்கைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், மாடிவீட்டில் வைக்கலாம் என்பதால். இங்கே மட்டியும் சிப்பியும் ஒட்டிய கல்லும், வலைத்தடியின் முறிந்த நுனியும் அதற்கு எமன். இலேசாக இருப்பதால் காற்றும் அதைத் தூக்கும். வாங்கினால் மத்தியான வெயிலில் கரையில் விடும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், இல்லையேல் தையல் பிரியும். மிதிகயாக் கடலேரிக்குச் சரிவராது, அடியில் தொங்கும் இறக்கைக்கு அரை மீற்றர் நீர் வேண்டும், சாதாளை சுற்றிக்கொள்ளும். இருவர் கயாக் 30 கிலோவுக்கு மேல். நடுவில் மூன்றாவது இருக்கை இல்லாவிட்டால் தனியே போகும்போது அணியம் மேலே நின்று காற்று தள்ளும் பக்கம் திரும்பும்.

துடுப்பு எங்கள் சவளைப்போல ஒருபக்க அலகு அல்ல, இரு முனையிலும் அலகு. 72 முதல் 80 சென்ரிமீற்றர் அகலக் கயாக்குக்கு 230 அல்லது 240 சென்ரிமீற்றர் நீளம். குட்டையானவருக்கு 230, ஆறடிக்காரருக்கு 240. கயாக்கோடு இலவசமாக வருவது பெரும்பாலும் ஒன்றேகால் கிலோ அலுமினியம். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கும் சாமான் அது, ஆகவே காசு மிச்சமிருந்தால் கயாக்கின் அழகில் போடாமல் இலேசான துடுப்பில் போடுங்கள். இரண்டு துண்டாகப் பூட்டும் அலுமினியத் துடுப்பை ஒவ்வொரு முறையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பும் மணலும் ஏறி ஒரு மாதம் பூட்டியபடி கிடந்தால் பிறகு இருவர் சேர்ந்து இழுத்தாலும் வராது.

மிதவை அங்கி கயாக்கோடு சேர்த்தே வாங்க வேண்டியது. பிறகு பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூற்றன் என்று அச்சிட்ட துடுப்புக்காரர் அங்கி. கை ஓட இடம்விட்டு வெட்டியிருக்கும். நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூற்றன், கூடவே ஆழத்துக்குத் தனியே போகாத ஒழுங்கு. போட்டு, நாடாவை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கட்டும். காதுக்கு வந்தால் பெரிது, மாற்றுங்கள். அங்கியில் ஒரு விசில் கட்டியிருக்க வேண்டும்.

காசு கொடுக்க முதல் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு, இதைத் தவிர்க்க வேண்டாம். காற்றில்லாத காலையில், வேலணை சாட்டிக் கடற்கரை போன்ற அமைதியான இடத்தில், கழுத்தளவு ஆழத்தில், கரையில் ஒருவரை நிறுத்திவைத்துக் கயாக்கை வேண்டுமென்றே கவிழுங்கள். கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்த, ஒரு பக்கத்தில் நின்று அடியின் குறுக்கே கையை நீட்டி எதிர்விளிம்பைப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்க வேண்டும். பிறகு இருக்கைக்கு நேரே, விளிம்பு ஆகத் தாழ்ந்த இடத்தில், இரு கையையும் குறுக்கே வைத்து, காலை நீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து அடியுங்கள். உடம்பைத் தூக்கப் பார்க்காதீர்கள். கயாக்கை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். வயிறு நடுவில் வந்ததும் மல்லாந்து திரும்பி இருக்கையில் இருந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுக்க வேண்டும். கால் தொங்கிக்கொண்டே இருந்தால் உடம்பு அடிக்குள் போகும், மேலே வராது. பெரும்பாலானோர் தோற்பது அங்கேதான். நிலத்தில் காலை ஊன்றாமல் ஐந்து தடவை ஏறமுடிந்தால் அது உங்களுடைய கயாக். மூன்றாம் தடவையிலேயே இயலாமற் போனால் விளிம்பு தாழ்ந்த வேறொன்றைப் பாருங்கள். கவிழும்போது கயாக்கைப் பிடித்த கையை விடக்கூடாது என்பதையும் அன்றே பழகுங்கள். ஆளில்லாத கயாக்கைக் காற்று நீந்துபவரைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும்.

தூக்கும் கணக்கையும் அன்றே பார்க்கலாம். 25 கிலோவை வீட்டு முற்றத்தில் தூக்குவது வேறு, ஒரு மணி நேரம் வலித்த கையோடு நூறு மீற்றர் மணலில் தூக்குவது வேறு. ஆட்டோவில் ஏற்ற ஏலாது. பட்டா என்ற சிறு லொறியில் மூன்று மீற்றர் கயாக் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், சிவப்புத் துணி கட்டிக் கொண்டுபோகலாம். நாடாவை அளவுக்கு மீறி இறுக்கினால் வெயிலில் இளகிய பொலித்தீன் குழியும்.

கடலேரி வெறும் தண்ணீர் அல்ல, நாலு பேர் சீவிக்கும் இடம். கரையில் நிற்கும் தொழிலாளர்களிடமும் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் எந்தப் பக்கம் வலை, எந்தப் பக்கம் கடலட்டைப் பண்ணை என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அருகில் கடற்படைக் காவல் இருந்தால் அங்கேயும் சொல்லிவிடுங்கள். வரிசையாக நிற்கும் தடிகளுக்குள் புகவேண்டாம், வெளியால் சுற்றிப் போங்கள். துடுப்பு ஒரு வலையைக் கிழித்தால் ஒரு வீட்டின் கிழமைச் சம்பாத்தியம் போகும். பண்ணைப் பாலம்போன்ற இடங்களில் அகன்ற நீர் முழுவதும் சில கண்களால்தான் போய் வரும், ஆகவே நீரோட்டம் அங்கே இறுகும். பாலத்துக்கு அடியால் போகும் ஆசையை முதல் வருடம் தள்ளிவையுங்கள். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகுகள் ஓடும் பாதையும் அப்படியே. இறங்கி இழுக்கும்போது தடித்த அடியுள்ள சப்பாத்துப் போட்டு, காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தில் உரசி நடவுங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகும். மிதித்தால் வாலால் அடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, வடிகால் மூடியைத் திறந்து, கவிழ்த்து உலரவிடுங்கள். வெயில் படாத தாழ்வாரத்தில், இரண்டு தென்னங்குற்றிகளுக்கு மேல் பழைய ரயர் துண்டைப் போட்டு, பக்கவாட்டில் சாய்த்து வைப்பது நல்லது. குற்றிகள் அணியத்திலிருந்தும் கடையாரிலிருந்தும் நீளத்தில் கால்வாசி உள்ளே நிற்கட்டும். இரு நுனியிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டால் ஆறு மாதத்தில் நடு தொய்ந்து வாழைக்காய்போல வளையும். மூடியைத் திறந்தபடியே வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் வாயில் ஒரு துண்டு நுளம்புவலையைக் கட்டுங்கள், குளவி கூடு கட்டும்.